இரண்டாம் முறை எழுதிய பட்டியல்

அக்கா,

இன்று காலை சர்வர் பெட்டியைத் திறந்ததும் சந்தனம் மணந்தது. ஆயுத பூஜைக்காக, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறாள். துடைக்கும்போது முறையாக நிறுத்தாமல் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். நம் ரத்த வங்கியின் டேட்டாபேஸ் எழுந்திருப்பதும் இரண்டு நொடியில் விழுவதுமாக இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "அழாதம்மா, நானும் இதே வேலையப் பண்ணிருக்கேன்" என்றேன். உங்களிடம் சொல்லாததை அவளிடம் பாதி சொல்லிவிட்டேன்.

அரும்பாவூர், ரஞ்சன்குடி, கல்லங்குறிச்சி என்று பஸ் ஏறிப் போய், ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்களின் பெயரையும் வகையையும் நோட்டில் எழுதி வருவீர்கள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி நீங்களே கம்ப்யூட்டரில் ஏற்றுவீர்கள். ஏற்றியதும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். "அதான் உள்ள ஏறிடுச்சே தம்பி, அப்புறம் எதுக்குக் குப்பை?" என்பீர்கள். அந்தப் பட்டியலுக்கு வாரம் ஒரு நகல் எடுப்பது என் வேலை. ஒரு வருஷம் பல மாதமாக நான் எடுக்காமலே விட்டிருந்தேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் ஒயரைப் பிடுங்கியவன் நான்தான். மறுநாள் இதேபோல் விழுந்து விழுந்து எழுந்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டு போன் மேல் போன். உள்ளதை அப்படியே வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைத்திருக்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? லாக் ஃபைல்தான் தடுக்கிறது என்று எங்கோ படித்ததை நம்பி அதை அழித்தேன். பட்டியலில் இன்னும் எழுதி முடியாததை சர்வர் அதில்தான் குறித்து வைத்திருக்கும். அழித்த பிறகு உங்கள் பட்டியல் திறக்கவே இல்லை.

நீங்கள் ஞாபகத்திலிருந்தே நம்பர் போட்டு ஆளை வரவழைத்துவிட்டு, என்னிடம் வந்தீர்கள்.

"என்னாச்சு தம்பி?"

"டிஸ்க் போயிடுச்சுக்கா."

"அது என்ன பண்ணும் பாவம், பழசு."

பொய் நிற்க வேண்டுமே என்று புது டிஸ்க் மாட்டினேன். பழையதை டிராயரில் போட்டேன். நீங்கள் ஐப்பசி மழையில், முட்டிவலியோடு, அதே ஊர்களுக்கு மறுபடி கிளம்பினீர்கள். ஒருநாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே, "போன மாசந்தானே வந்தீங்கன்னு அரும்பாவூர்ல சிரிக்கிறாங்க தம்பி" என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

கடைசியாக நீங்கள் படுக்கையில் கிடந்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். "சர்வரு நல்லா ஓடுதா தம்பி?" என்று முந்திக்கொண்டு கேட்டீர்கள். "ஓடுதுக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பத்து நாளில் நீங்கள் இல்லை.

இன்று முதல் வேலையாக நகல் எடுத்தேன். பிறகு சர்வரை எதையும் எழுத விடாமல், படிக்க மட்டும் முடிகிற விதத்தில் எழுப்பி, பட்டியல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் புதிய டேட்டாபேஸில் ஏற்றினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ஒரு வரிகூடப் போகவில்லை.

சரிபார்க்கும்போதுதான் குறிப்புக் கட்டத்தைப் பார்த்தேன். நீங்கள் மறுபடி ஏற்றிய ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், "டிஸ்க் பழுதானதால் இரண்டாம் முறை கேட்டு எழுதியது" என்று இருந்தது. அந்த ஒற்றை விரலால், ஒவ்வொரு வரியிலும். நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

ஒரே கட்டளையில் அந்தக் குறிப்புகள் அத்தனையையும் நீக்கிவிடலாம். என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மீதிக் கதையையும் சொன்னேன்.

"அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றாள்.

இன்று நகல் எடுத்தது அந்தப் பழைய டிஸ்கில்தான். ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

டிஸ்க் போகலக்கா. நான்தான் அழிச்சேன்.