கோழிக்குப் போன பிடி அரிசி

12-8-1958, செவ்வாய். திண்டிவனம்.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. தன் மகள் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று சபைப் பதிவில் தன் பெயரை அடித்ததிலிருந்து, நாத்தனார் எஸ்தர் இரண்டு வருஷமாக வேதக்கோயிலுக்கு வருவதில்லை. இன்று ஒரு தூக்கு அரிசியோடு வந்தாள். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று எடுத்து வைப்போமே, அந்தப் பிடி அரிசி.

"கோயிலுக்கு வரமாட்டேன் அண்ணி. ஆனா கை கேக்கல, எடுத்து வச்சிக்கினேதான் இருக்குது. இத்தினி நாளா கோழிக்குப் போட்டேன்."

"அதான் உன் கோழிங்க நம்ம பாதிரி ஐயரம்மா கணக்கா கொழுத்துக்கினு திரியுதா?"

சிரித்தாள், அழுதாள்.

"வெள்ளிக்கிழமை பொம்பளைங்க ஜெபம் நம்ம வூட்லதான். வாடி."

"என்னைப் பாத்து எழுந்து போய்ட்டாங்கன்னா?"

அந்த அரிசியையே பொங்கி, அவளையே பரிமாறச் சொல்வேன். கர்த்தாவே, சோறு விழுந்த இலையை விட்டு எவள் எழுந்து போகிறாள், பார்த்துவிடுகிறேன்.