தேர் முன்னால் வினோதா

அன்புத் தம்பிக்கு,

உன் இடக்கையைப் பற்றிக் கொழும்பு டாக்டர் சொன்னதை இப்போது பேச வேண்டாம். நேற்று நோர்வூட்டில் தேர். இத்தனை வருடமாக என் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நீ தவில் வாசித்த இடத்தில் உன் மகள் வினோதா நின்றாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று கோயில் தலைவர் முகம் சுளித்தார்.

"வாசிச்ச பொறகு சொல்லுங்க" என்றாள்.

வாசித்தாள் பார்! நான் மூச்சு வாங்க அவள் வேகத்தைத் துரத்திப் பிடித்தேன். வடம் பிடித்த பெண்கள் அதை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள், தேரே நின்றுவிட்டது. தலைவரே ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார்.

"அப்பா எப்ப வருவாரு, பெரியப்பா?" என்று கேட்கிறாள்.

சீக்கிரம் வா. நம் வீட்டு மேளத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் நம் இருவரில் உனக்குத்தான் கிடைத்திருக்கிறது.

பூரிப்புடன்,
உன் அண்ணன்