மறுரூபமும் பிடியரிசியும்

1932 நவம்பர் 3, வியாழன்

விடாத மழை. மாமி வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் போய்த் தம் அம்மாவைக் கூட்டி வந்தார். கூடவே மாமியின் சொந்தப் பானை, சொந்த அரிசி. மகன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த நாள் முதல் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இப்போதும் பின்புறச் சாய்ப்பில் தனி அடுப்பு.

ஞாயிறு பெண்கள் சங்கத்தில் நான் பேசவேண்டும். பொருள்: மறுரூபம், இயேசு மலைமேல் ரூபம் மாறியது. பள்ளிக்கூடத் தமிழ் முன்ஷியிடம் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். "மறு தமிழ், ரூபம் சமஸ்கிருதம். ரெண்டும் ஒண்ணா குடித்தனம் நடத்துகு, டீச்சரம்மா" என்றார். கொடுத்து வைத்த சொற்கள்!

4, வெள்ளி

மழைதான். வாங்கவேண்டியது: கருப்பட்டி, மண்ணெண்ணெய்.

மறு: வேறு, இரண்டாவது. மறுநாள், மறுபடி, மறுவீடு. ரூபம்தான் வேறு, ஆள் அதே ஆள். இதை வைத்துப் பேசலாம்.

உலை வைக்குமுன் வழக்கம்போல் சபைக்கு ஒரு பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் போட்டேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் வந்தால் கலயம் காலி! மாமி பானையில் பயற்றங்கஞ்சி.

"எனக்குண்ணு தனியா எடுத்து வச்சியே மக்கா. கண்டேன்" என்றார்கள். முதல் தடவையாக மக்கா. ஒரு வாரத்துப் பிடியரிசி.

அவரிடம் மட்டும் சொன்னேன். சிரித்துத் தீரவில்லை. "சொல்லிராத. மழையில எறங்கிப் போயிருவா."

5, சனி

தூக்கமில்லை. மனது கேட்கவில்லை, காலையில் சொல்லிவிட்டேன். மாமிக்கு முகம் வெளுத்துப்போனது.

"கோயிலுக்கு வச்சதையா தின்னேன்? முன்னமே சொல்லப்பிடாதா ஏட்டி? எந்தச் சாமியானா என்ன, சாமிக்க அரிசியில்லா!"

பையை அவிழ்த்துத் தம் அரிசி முழுவதையும் கலயத்தில் கொட்டினார்கள். நிறைந்து வழிந்தது. எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. பிறகு வெறும் பையை உதறி மடித்துக்கொண்டு, "எங்கிட்ட இனி அரிசி இல்ல. நீ பொங்குனதத்தான் தின்னணும். வேற என்ன செய்ய?" என்றார்கள், ஏதோ என்மேல்தான் குற்றம் என்பதுபோல.

ஓடிப்போய் உலை வைத்தேன். சோறு, தீயல் குழம்பு, அப்பளம். மாமி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். "புளி கூடிப்போச்சு."

போகட்டும். சந்தோஷத்தில் எனக்கு ருசியே தெரியவில்லை.

6, ஞாயிறு

மழை விட்டது. கலயத்தை என்னால் தூக்கமுடியாமல் அவர்தான் கோயிலுக்குச் சுமந்தார். பேச்சு சுமார். பாதி மறந்துவிட்டது.

மத்தியானம் மாமி இலையை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு."

மறுசோறு. இந்தச் சொல்லை எப்படி விட்டேன்!