உனக்குள் தங்காத சிறுநீரகம்

புதுக்குடியிருப்பில் இருந்து திரும்பும் பஸ்ஸில் இன்று முன் இருக்கைப் பெண் தன் மகளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள். மடியில் இன்னும் ஒரு பை நிறையப் பழம். ஆஸ்பத்திரியில் யாரோ வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த ஆரஞ்சுத் தோலின் வாசனையில் உன் ஞாபகம் வந்தது.

உன் ஸ்கந்தபுரம் வீட்டுக்கு வந்தவர்களும் அதைத்தான் கொண்டுவந்தார்கள். இரத்தம் சுத்திகரிக்க நீ ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலம் அது. பழத்தில் உள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, இதயத்துக்கு ஆபத்து என்று உனக்கு அதை மறித்திருந்தார்கள். ஆனால் வருத்தம் பார்க்க வெறுங்கையோடு போக எங்கள் சனத்துக்கு மனம் வராது. "என்னைச் சாக்கொல்லவே எல்லாரும் பையோட வாறியள்?" என்று சிரிப்பாய். உன் மனைவி மலர் பழங்களை அயல்வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்.

பிறகு கண்டியில் மலரின் சிறுநீரகம் ஒன்றை உனக்குப் பொருத்தினார்கள். பரிசோதனை முடிவுகள் நன்றாக வந்ததும் வைத்தியர் தோடம்பழத்துக்குச் சம்மதித்தார். முதற் பழத்தை உரித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போது நான் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக வாசித்ததை உனக்குச் சொன்னேன். நோயெதிர்ப்புக் கலங்களில், அதாவது செல்களில், ஒரு வகை, மற்றக் கலங்களின் சண்டையை அடக்குபவை. அவை நிலைத்து நின்றால் வேறொருவரின் உறுப்பையும் உடல் தாங்கிக்கொள்ளலாம். ஆய்வுகூடத்தில் வளர்க்கும்போது அவை தங்கள் வேலையை மறந்துவிடுவதுண்டு. தோடம்பழத்தில் இருக்கும் விட்டமின் சி அந்த மறதியைக் குறைக்கிறது. எலிகளில் நம்பிக்கை தெரிகிறது, மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை.

"எங்கட நாட்டில சண்டையை நிப்பாட்ட வந்தவை எத்தினை பேரைக் கண்டனாங்கள் மச்சான்," என்றாய். சுளை ஒன்றைக் கையில் எடுத்தபடி, "அப்ப தோடம்பழத்தோட வந்த எங்கட சனம் விஞ்ஞானியள்தான்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மலரின் குரல் வந்தது: "கதையை விட்டிட்டுக் குளிசையைப் போடுங்கோ!"

உறுப்பை உடல் தள்ளாமலிருக்கத் தந்த மருந்துக் குளிசையை நீ ஒருநாளும் தவறவிடவில்லை. விட்டமினை அளவுக்கு மிஞ்சி எடுக்கவும் இல்லை. மிஞ்சினால் அதுவே சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். யாரும் பிழை விடவில்லை. அப்படியிருந்தும் மாரிமழை தொடங்க உன் கால்கள் வீங்கின. உடல் ஏற்கவில்லை என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "சிலருக்கு இப்படி நடக்கும்," என்றார் வைத்தியர். அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"மலர் தந்த சாமானையும் பழுதாக்கிப் போட்டன்," என்றாய் கடைசியாக.

போன மாதம், நீ இறந்தபின் முதல்முறையாக, மலரை அவருடைய பரிசோதனைக்காகக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். பக்கத்தில் ஓர் இளம் பெண். தன் கணவனுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போகிறவள். மலர் கொடுத்தவர் என்று அறிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கட அவர் இப்ப எப்பிடி?"

மலர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் தங்கச்சி, நல்ல சுகமா இருக்கிறார்."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. பிழையான தகவலைத் திருத்துவதே தொழிலாக இருந்தவன் நான்.

மலரின் அந்த வசனத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருக்கிறேன். அதற்குள் மட்டும்தான் நீ சுகமாக இருக்கிறாய்.