பத்து நாள் மாத்திரை

அன்புள்ள பொடிசுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு மேலே போக இந்தத் தடவை மனம் வரவில்லை, நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வயது ஆளை இன்னும் பொடிசு என்கிறாரே என்று சிரிக்காதே, வாசற்படியில் தலை இடித்துக்கொள்ளும் உயரம் வந்த பிறகும் எனக்கு நீ பொடிசுதான். அக்கா வீட்டில் எல்லாரும் நலம், அவள் சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அந்த ஓட்டை வாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாயாடுகிறாள். சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றினோம், புதுசும் ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதை அம்மா சொன்னாள். மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை, குளிக்கக்கூட எழ முடியவில்லை என்றாயாம். டாக்டரிடம் போடா என்று அவள் கெஞ்சியதற்கு, "எனக்கு எந்த மருந்தும் கேட்காதும்மா, அதான் ஏழு வருஷம் முன்னாடியே பாத்துட்டோமே" என்றாயாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, உன் குரலைக் கேட்டால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன்.

மருந்துக்கடையில் என் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். யாருக்கும் அட்டையோடு கொடுக்க மாட்டேன், மாத்திரைகளைப் பிரித்துக் காகிதக் கவரில் போட்டு, மேலே காலை ஒன்று, இரவு ஒன்று என்று கொட்டை எழுத்தில் எழுதித் தருவேன். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பதைப் பார்த்து நீ கேலி செய்வாய். ஏழு வருடம் முன்பு உனக்கும் அப்படித்தான், பத்து நாளுக்கு ஒரு கவர். மனநல டாக்டர் உனக்கு எழுதிய மாத்திரை முதல் கவரில் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது கவரிலிருந்து அதே அளவில், அதே வெள்ளையில் இருந்த சத்து மாத்திரையைப் போட்டுக் கொடுத்தேன். தெரிந்தேதான் செய்தேன். தூக்க மாத்திரைக்காக வருடக்கணக்கில் வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து, என் பிள்ளையும் அப்படி ஆகிவிடுவானோ என்று பயந்தேன். தூக்க மாத்திரையும் இதுவும் ஒன்றுதானா என்று அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், முப்பது வருடம் மருந்து விற்றவனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நீ நாளுக்கு நாள் வாடினாய். மூன்றாம் மாதம் வந்து, இந்த மாத்திரை கேட்கவில்லை அப்பா என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம் பாவி நான். "இந்த மாத்திரையெல்லாம் வேண்டாம்னு நான்தான் அப்பவே சொன்னேனேடா" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய், டாக்டரிடம் போவதையும் நிறுத்தினாய், அடுத்த வருடம் ஊரைவிட்டே போய்விட்டாய்.

இப்போது மட்டும் எங்கிருந்து புத்தி வந்தது என்று கேட்பாய். கடையிலிருந்து நின்ற பிறகு நானே உன்னைப் போல் மனம் சோர்ந்து விழுந்தேன், உனக்குச் சொல்லக் கூடாதென்று அம்மாவைத் தடுத்ததும் நான்தான். ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்டத் தோன்றாமல் கட்டில் விளிம்பில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். டாக்டர் எழுதியது அதே மாத்திரை. அட்டையின் பின்னால் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன். இது தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்குகிற வகை இல்லை, வேலை காட்டப் பல வாரம் ஆகும், தேவலை என்றதும் சட்டென்று நிறுத்தக் கூடாது, இது ஒத்துவராவிட்டால் வேறு உண்டு, கூடவே ஆலோசகரிடம் பேசினால் இன்னும் நல்லது என்றார். நான்கு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் ஒரு காலை, சவரம் செய்யும்போது என்னை அறியாமல் சீட்டியடித்திருக்கிறேன், அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். சோப்பு நுரையோடு நின்று அழுதேன். உனக்கு ஏழு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய காலையை நான் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் பேசப் போகும் ஆலோசகரிடம்தான் இதை முதலில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், இதைக் கேட்க வேண்டியவர் நான் இல்லையே என்று மட்டும் சொன்னார். நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்து என் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, தன் தட்டோடு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள்.

மன்னிப்பதைப் பற்றி நீ எப்போது வேண்டுமானாலும் யோசி, யோசிக்காமலும் இரு. டாக்டரிடம் மட்டும் நாளைக்கே போ. எழத் தெம்பில்லை என்றால் உன் அறை நண்பனைக் கூட்டிப்போகச் சொல். "அன்று நான் சாப்பிட்டது பத்து நாள் மாத்திரைதான், மீதியெல்லாம் என் அப்பா ஏமாற்றிக் கொடுத்தது" என்று டாக்டரிடம் சொல், என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் சரி. உனக்கு மருந்து கேட்காமல் போகவில்லையடா, பத்து நாளுக்கு மேல் நீ அதைச் சாப்பிடவே இல்லை. உயிர் வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு, எங்களையும் கூப்பிடு.

நீ எழுந்து நடமாடி, வயிறாரச் சாப்பிட்டு, நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மாத்திரையை அட்டையோடு வாங்கு, பின்னால் இருக்கும் பெயரை நீயே படித்துப் பார், எவ்வளவு வேண்டியவர் கொடுத்தாலும் கவரில் வாங்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா