நாலு முழம் தள்ளி நின்றவருக்கு

அம்சா வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தால் ஹைப்போ வாசனை மூக்கைத் துளைக்கிறது. பிலிம் கழுவுகிற உப்புக்கு அதுதான் பெயராம். குளிக்கப் போன என்னை, "இரும்மா, உள்ள பிலிம் தொங்குது, தண்ணிய வாரி அடிச்சிடப் போற" என்று உங்கள் மகள் வெளியிலேயே நிறுத்திவிட்டாள். திண்டிவனத்துக்கு வாழ வந்த பெண் குளியலறையை இருட்டறை ஆக்கி வைத்திருக்கிறாள். பெற்றவள் துண்டும் கையுமாக வாசலில் நிற்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்தம் முடிந்து இத்தனை நாளாகியும் அந்த வாசனை வந்தால் நான் இரண்டடி பின்னால் போய்விடுகிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, இப்போது மட்டும் எழுதிவிடுவேனா? நீங்கள் என்று எழுதினால் உங்களுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோடு நம் பக்கம் வந்து இறங்கிய வருஷம் அது. நீங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. அம்சாவுக்குப் பதினைந்து வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் வைத்திருந்தோம். வீட்டில் எங்கே இருந்தாள்? ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த போட்டோ ஸ்டூடியோவே கதி என்று கிடந்தாள். ஸ்டூடியோக்காரரின் மனைவி எனக்குப் பழக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் இவள் இருட்டறைக்குள் போய்ச் சிவப்பு விளக்கில் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பாள். தங்க வளையல் கேட்கிற வயதில் கேமரா வேண்டும் என்று கேட்டாள். நான் வாயிலேயே போட்டேன். நீங்கள் மட்டும், "கேக்கறது ஒண்ணும் திருட்டு சாமான் இல்லையே" என்றீர்கள்.

திண்டிவனத்தில் வந்து தங்கியிருந்த பட்டணத்து வக்கீல் ஒருவர், இன்னும் தெற்கே போகப்போகிறார், சாமான்களை விற்கிறார் என்று பார்சல் ஆபீசில் யாரோ உங்களிடம் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் ரயில் ஏறினோம். வக்கீல் இரண்டு கேமராக்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று கறுப்புப் பெட்டி, கல்லு மாதிரி. இன்னொன்று மடக்குக் கேமரா. மூடினால் தட்டையாகக் கிடந்தது, திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி முன்னால் நீண்டது. உங்களுக்குப் பெட்டிதான் பிடித்துப்போயிற்று. "விசைய அமுக்கினா படம். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. புதுசா கத்துக்கற பொண்ணுக்கு இது போதாதா?" என்றீர்கள்.  ஆனால் அம்சாவின் கண் மடக்குக் கேமராவை விட்டு நகரவில்லை.

கடைசியில் முடிவு செய்தது நான்தான், ஞாபகம் இருக்கிறதா? பாத்திரக் கடையில் செப்புக்குடத்தை வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை பார்ப்பது போல, அந்தத் துருத்தியைச் சன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. "இதையே எடுத்துக்கலாம், மடிச்சா தாவணிக்குள்ள அடங்கிடும்" என்றேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கேமராவும் கையுமாகத் தெருவில் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வாங்கியதே யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் என் கணக்கு. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு சரி என்றீர்கள்.

அந்தக் கேமராவில் ஒரு வளையம் உண்டு. எதிரே நிற்கிறவர் எத்தனை அடியில் நிற்கிறாரோ அந்த எண்ணுக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும், அந்த இடம்தான் தெளிவாக விழும், அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் கலங்கிப்போகும் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்தார். உங்கள் மகளுக்கு அடிக்கணக்கு எங்கே தெரியும்? பூக்காரியிடம் முழம் போட்டு வாங்கிப் பழகிய கை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியிலிருந்து துவைக்கிற கல் வரை தரையில் கையை ஊன்றி முழம் போட்டாள். ஒரு முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்து எண்ணைத் திருப்பினாள். பிலிம் கிடைக்காத காலம். வக்கீல் சேர்த்துக் கொடுத்த சுருளை வீணாக்க மனசில்லாமல், வெறும் கேமராவை வைத்துக்கொண்டே பழகினாள்; கை பழகிய பிறகுதான் பிலிமைப் போட்டாள். நான் தோசை வார்க்கும்போது வந்து நின்று, "அம்மா, நீ மூணு முழம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது அவள்தான். அன்றைக்கும் தூக்குச் சட்டியோடு போனாள். கொஞ்ச நேரத்தில் உங்கள் ஆபீஸ் போர்ட்டர் ஓடி வந்தான். "அம்மா, ஜல்தி வாங்க, பாப்பாவ போலீசு பிடிச்சு வெச்சுக்கினு இருக்குது." நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. பிளாட்பாரத்தில் பட்டாள ஸ்பெஷல் ரயில் நின்றிருக்கிறது. ராணுவ வண்டியைப் படம் பிடிக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்த காலம். இந்தப் பெண் தாவணிக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள், கண்ணுக்கு நேரே பிடித்தாள், சட்டென்று மறுபடி தாவணிக்குள் ஒளித்தாள். பார்த்த போலீஸ்காரன் என்ன நினைப்பான்? பெட்டிக் கேமராவைப் பட்டப்பகலில் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றிருந்தால், ஏதோ விளையாட்டுச் சாமான் என்று விரட்டிவிட்டிருப்பான். ஊர் வாயை மூட நான் பார்த்த வழி, போலீசுக்குக் கண்ணைத் திறந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். பெண்பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்காமல் எல்லோரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தார். பிலிமைக் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால், போட்டோவுக்கு உட்காருகிற நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டு, "ஒளிச்சு வெச்சு எடுக்க வேண்டிய அவசியம் இன்னா?" என்று அம்சாவைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு சார், வெளிய தெரிய வேணாம்னு நான்தான் ஒளிச்சு வெச்சுக்க சொன்னேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "ரயிலு அதுல விழுந்திருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. கேசு கடலூர் கோர்ட்டுக்குப் போவும்" என்றார். நீங்கள் உடனே, "நான்தாங்க எடுக்கச் சொன்னேன். எழுதறதா இருந்தா என் பேருல எழுதுங்க" என்றீர்கள். "அப்ப உங்க வேலையும் போவும்" என்றார் அவர். நீங்கள் சரி என்று தலையை ஆட்டினீர்கள். அத்தனை நாள் கூடக் குடித்தனம் செய்த எனக்கே அந்தத் தலையாட்டல் புதிது.

ஸ்டூடியோக்காரர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே வந்தார். கொல்லைப்பக்கம் நாம் மூவர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். குரலை அடக்கி உங்களிடம் கேட்டார்: "வெளிச்சத்துல காட்டி அழிச்சிட்டு, தானா பட்டுப்போச்சுன்னு சொல்லிடட்டுமா? இன்னும் பிலிம சுருள விட்டுப் பிரிக்கல. பழைய பிலிமு, பாழாப்போச்சுன்னா யாரு இன்னா சொல்ல முடியும்?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உங்கள் கையைப் பிடித்தேன். அதற்கு முன்னால் நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் உங்கள் கையைப் பிடித்ததே இல்லை. "சரின்னு சொல்லுங்க" என்றேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தீர்கள்.

"இன்னாம்மா, ரயிலு விழுந்திருக்குமா?"

"உனக்குப் பின்னாலதாம்பா நின்னுக்கினு இருந்துச்சு. ஆனா படத்துல தெரியாது."

"எத்த வெச்சு சொல்ற?"

"நான் உன்னதான் எடுத்தேன். நீ நின்னது நாலு முழம். அதுக்குத்தான் வெச்சேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை. நான், "பதினஞ்சு வயசுப் பொண்ணு பேச்ச நம்பிக்கினு ஜெயிலுக்குப் போவப் போறீங்களா?" என்றேன். நீங்கள் ஸ்டூடியோக்காரரிடம், "கழுவுங்க சார்" என்றீர்கள். என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: "அவ சொல்றா இல்ல."

கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கு நான் உங்களை வைத வசவெல்லாம் மனசுக்குள்தான். மயிலம் முருகனை ஒரு வாயும் உங்களை ஒரு வாயுமாகத் திட்டினேன். கதவிடுக்கில் ஹைப்போ வாசனை வர ஆரம்பித்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு முறை எழுந்து கதவருகே போய் நின்றார், திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜங்ஷனில் அந்த ஸ்பெஷல் புறப்பட்ட ஊதல் கேட்டது. அம்சா உங்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

ஸ்டூடியோக்காரர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற பிலிமைக் கொண்டுவந்து சன்னலுக்கு நேரே பிடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கிணற்றடி, துவைக்கிற கல், அடுப்புக்கு முன்னால் நான். கடைசியில் பார்சல் ஆபீஸ் வாசலில் நீங்கள். அங்கே கண்ணாடி நின்றுவிட்டது. "பின்னால இன்னா இது, பனிமூட்டம் கணக்கா?" என்றார். "கிட்ட நிக்கறவருக்கு வெச்சு எடுத்திருக்குது சார் பொண்ணு. பின்னால இருக்கறது ரயிலா செவுறான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் ஸ்டூடியோக்காரர். சப்-இன்ஸ்பெக்டர் மறுபடியும் பார்த்தார்.  பிறகு அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "கேமராவ எடுத்துக்கினு போங்க. பிலிமு எங்கிட்ட இருக்கட்டும். ஸ்டேஷன் பக்கம் இத்த இனிமே கொண்டாரக் கூடாது" என்றார்.

 வீட்டு வாசலுக்கு வந்ததும் வெடித்தேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "அழிச்சிருந்தா அவளுக்கே அவமேல சந்தேகம் வந்திருக்கும். அப்புறம் அந்தக் கேமராவ தொடுவாளா?" அழிக்கச் சொன்னது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்த ஊரில் போட்டோக்காரர் முன்னால் நிற்கக் கூசுகிற பெண்களெல்லாம் இப்போது உங்கள் மகளைத் தேடி வருகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைக்காரிகள். அவள் முழம் போடுவதில்லை; பார்த்தவுடனே வளையத்தைத் திருப்புகிறாள்.

உங்களை மறுபடி ஒரு படம் எடுக்க அவளுக்கு வாய்க்கவில்லை. யுத்தம் முடியட்டும், பிலிம் வரட்டும் என்றீர்கள். அதற்குள் விஷக்காய்ச்சல் வந்து, யுத்தம் முடியும் முன்னே நீங்கள் போய்விட்டீர்கள். போலீசில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பிலிமை அப்போதே கொளுத்திவிட்டார்களாம். மாலை போட ஒரு படம்கூட இல்லாமல் வெறும் விளக்கைத்தான் ஏற்றுகிறோம். அம்சாவுக்கு அதில் தீராத வருத்தம்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அன்றைக்குச் சன்னலில் அந்தப் பிலிமை நானும் பார்த்தேன். கழுவின பிலிமில் கறுப்பெல்லாம் வெளுப்பாகவும் வெளுப்பெல்லாம் கறுப்பாகவும் தெரியும் அல்லவா? பார்சல் ஆபீஸ் வாசலில் நின்ற உங்களுக்குத் தலைமுடியும் மீசையும் பஞ்சாக வெளுத்திருந்தன. கூடவே இருந்து கிழவராகிற உங்களை நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். அது மட்டும் என்னிடம் இருக்கிறது.