கியோட்டோ கோயில் காகிதம்

14 மார்ச் 1957, ஹட்டன்.

கடைக்குத் துணி வாங்க ஜப்பான் போனபோது, கியோட்டோவில் ஒரு நாள் கோயில் கோயிலாகச் சுற்றினேன். தங்க ரேக்கு ஒட்டிய மண்டபம், வரிசையாகச் சிவப்பு வாசல்கள். ஒரு சந்நிதியில் பெட்டியைக் குலுக்கி, பலன் எழுதிய காகிதம் ஒன்று எடுத்தேன். பிரசாதம் மாதிரி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒசாகா துணி வியாபாரி படித்துப் பார்த்து, கெட்ட பலன், அது கூடவே வராமல் இருக்க அங்கேயே மரத்தில் கட்டிவிட்டு வந்திருக்க வேண்டும் என்றார். கோயில் காகிதத்தை எறிய மனம் வரவில்லை.

இன்று வீடு வந்தால் மகளுக்குக் காய்ச்சல். என் பயணப் பெட்டியைப் பிரித்த மனைவி சட்டைப்பையிலிருந்த காகிதத்தைக் காட்டி, "கோயில்ல குடுத்ததாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்யில்லை. கண்ணில் ஒற்றிப் பிள்ளையின் தலையணைக்கடியில் வைத்தாள். "அந்த ஊரு சாமியும் துணைக்கு இருக்கட்டும்."

சற்றுமுன் அதை எடுக்கப் போனேன். பிள்ளை பக்கத்தில் மனைவி தூங்காமல் இருந்தாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.